பழைய பீட்டிலில் எஞ்சின் மாற்றியதும் கிளட்ச் தகராறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

1964 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்று கையில் இருக்கிறது. அதன் 34 குதிரைத்திறன் 1200 சிசி எஞ்சின் களைத்துவிட்டது. எங்கோ நல்ல 1600 எஞ்சின் ஒன்று கிடைக்கிறது. எஞ்சினை கியர்பாக்ஸோடு பிடித்து வைத்திருப்பது நான்கே இடங்கள்தான்: கீழே இரண்டு, மேலே இரண்டு. ஜாக்கியும் 17 நம்பர் ஸ்பேனரும் இருந்தால் பழையதை இறக்கி, புதியதை அதே நான்கு துளைகளில் ஏற்றிவிடலாம். துளைகள் அச்சாகப் பொருந்துவதால் உள்ளே இருக்கும் கிளட்சும் பொருந்திவிட்டதாக நம்பி நட்டை இறுக்கிவிடுகிறோம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்கள் பல பதிற்றாண்டுகள் ஏறக்குறைய ஒரே வெளி வடிவத்தில் வந்தன. உள்ளே ஃப்ளைவீல் (எஞ்சினின் கிளட்ச் பக்கம் சுற்றும் பல் சக்கரம்), கிளட்ச் அளவு, செல்ஃப் மோட்டார் (எஞ்சினைக் கிளப்புவது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்ததும் கிளட்சை அழுத்தி விடுவிப்பது) எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில் தனித்தனியாக மாறின. அதனால் "எந்த வருஷ வண்டி?" என்ற கேள்விக்கு இந்த வேலையில் அதிகப் பயனில்லை. அறுபது வயது வண்டியில் எந்தக் கை எதை மாற்றியதோ, யாருக்குத் தெரியும்? அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

முதலில் நான்கு அளவுகள்

எஞ்சின் தரையில் இருக்கும்போதே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ளைவீலின் பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டுவிட்டு எண்ணினால் தவறாது. 6 வோல்ட் பேட்டரி காலத்து ஃப்ளைவீலில் 109 பற்கள், 12 வோல்ட் ஃப்ளைவீலில் 130 பற்கள்.

கிளட்ச் பிளேட்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். 180 மி.மீ. அல்லது 200 மி.மீ. இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். "6 வோல்ட் என்றால் 180, 12 வோல்ட் என்றால் 200" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். 109 பற்களோடு 200 மி.மீ. கிளட்ச் எடுக்கும் ஃப்ளைவீலும் உண்டு, 130 பற்களோடு 180 மி.மீ. எடுப்பதும் உண்டு. பல் எண்ணிக்கை செல்ஃப் மோட்டாரைத் தீர்மானிக்கிறது. விட்டம் பிரஷர் பிளேட்டையும் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) கிளட்ச் பிளேட்டையும் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகவே பாருங்கள்.

மூன்றாவது, கியர்பாக்ஸ் பக்கம். பெல் ஹவுசிங்குக்குள், அதாவது கிளட்சை மூடும் மணி வடிவ உறைக்குள், டார்ச் அடித்துப் பாருங்கள். இன்புட் ஷாஃப்ட்டை (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சுற்றி ஒரு குழாய் போல்ட் போட்டு நிற்கிறதா? நின்றால் அது 1971 மாடலிலிருந்து வந்த வகை. ரிலீஸ் பேரிங் அந்தக் குழாயின் மேல் நேராக முன்னும் பின்னும் நகரும். குழாய் இல்லாமல் ஷாஃப்ட் வெறுமையாக இருந்து, பேரிங் அதைத் தள்ளும் கவட்டையான ஃபோர்க்கின் இரு கைகளில் கிளிப் போட்டுத் தொங்கினால் அது பழைய வகை.

நான்காவது, பிரஷர் பிளேட்டின் நடுப்பகுதி. டயாஃப்ரம் ஸ்பிரிங்கில் நடுவை நோக்கி நீளும் விரல்களின் மேல் ஒரு வட்ட வளையம் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது விரல் நுனிகள் வெறுமையாகத் தெரிகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லாத பழைய கியர்பாக்ஸுக்கு வளையம் உள்ள பிளேட். குழாய் உள்ள கியர்பாக்ஸுக்கு வளையம் இல்லாத பிளேட். அதாவது பிரஷர் பிளேட்டின் அளவைச் சொல்வது எஞ்சின் பக்கத்து ஃப்ளைவீல், அதன் நடுவில் வளையம் வேண்டுமா என்று சொல்வது கியர்பாக்ஸ். எஞ்சினோடு வந்த கிளட்சை அப்படியே நம்பி மாட்டுபவர்கள் மறப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

எஞ்சின் கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக மறுக்கிறது

பெரும்பாலும் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை. பிரஷர் பிளேட்டை மாட்டும்போது டம்மி ஷாஃப்ட் போட்டு மையப்படுத்தியிருக்க வேண்டும். பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டு ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. கண்ணால் பார்த்து வைத்தால் ஒரு மி.மீ. விலகினாலும் ஷாஃப்ட்டின் நுனி ஃப்ளைவீல் நட்டுக்குள் இருக்கும் பைலட் பேரிங்கில் நுழையாது.

மையம் சரியாக இருந்தும் நின்றால், ஷாஃப்ட்டிலும் கிளட்ச் பிளேட்டின் நடுவிலும் உள்ள ஸ்ப்லைன் பற்கள் எதிரெதிரே முட்டுகின்றன. கியரில் போட்டுவிட்டு, ஒருவர் எஞ்சினைத் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் கீழ்ப் புல்லியின் 30 நம்பர் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் 'டக்' என்று உள்ளே போகும். அப்போதும் போகவில்லை என்றால் எஞ்சினை வெளியே எடுத்து, புதுக் கிளட்ச் பிளேட்டைத் தனியாக இன்புட் ஷாஃப்ட்டில் கையால் செருகிப் பாருங்கள். அது தடையின்றி வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இடைவெளி இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் இறுக்கி எஞ்சினை இழுத்துக்கொண்டுவர முயலாதீர்கள். கியர்பாக்ஸ் உறை மெக்னீசியக் கலவை, அதன் காது உடைந்துவிடும். உடையாமல் தப்பினாலும், எஞ்சின் எடை முழுவதும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கி அதை வளைத்துவிடும். அப்புறம் வரும் அதிர்வுக்கு எங்கே தேடினாலும் காரணம் கிடைக்காது.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, ஆனால் சுற்றினால் உரசுகிறது

பழைய 6 வோல்ட் கியர்பாக்ஸுக்கு 130 பல் ஃப்ளைவீல் எஞ்சினை மாட்டும்போது வருவது இது. 130 பல் ஃப்ளைவீல் விட்டத்தில் சற்றே பெரியது. பழைய பெல் ஹவுசிங்கின் உள்சுவரில் அதற்கு இடம் விடப்படவில்லை.

நண்பர் ஒருவரின் 1964 வண்டியில் நான் இதை நேரில் பார்த்தேன். நான்கு நட்டும் இறுகிவிட்டன. செல்ஃப் மோட்டாருக்கு வயர் கொடுக்கும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம் என்று புல்லியில் ஸ்பேனரைப் போட்டேன். முக்கால் சுற்று லேசாகப் போனது. அப்புறம் உள்ளேயிருந்து 'சர்ர்' என்று மெல்லிய சத்தம், நகத்தால் தகரத்தைக் கீறியது போல. ஸ்பேனர் நிற்கவில்லை, கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். "ஓட ஓடத் தேஞ்சு சரியாயிடும்ல அண்ணே?" என்று நண்பர் கேட்டார். உதவிக்கு வந்திருந்த வயதான மெக்கானிக் தலையை ஆட்டினார். "தேயும் தம்பி. தேஞ்ச தூள் எல்லாம் கிளட்சுக்குள்ளதான் போகும். வெளிய எடு." எடுத்தோம். பெல் ஹவுசிங்கின் மேல் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளி போல ஒரு கோடு பளபளத்தது. சுற்றிலும் அறுபது வருட எண்ணெய் கறுப்பு, நடுவில் அந்தக் கோடு மட்டும் புத்தம் புதிது.

வழி இதுதான். ஃப்ளைவீல் பற்களின் மேல் நீல மார்க்கிங் மையோ கெட்டியான கிரீஸோ தடவுங்கள். எஞ்சினை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி இறக்குங்கள். பெல் ஹவுசிங்கில் மை ஒட்டிய இடங்களை மட்டும் அரத்தால் ராவி எடுங்கள். சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. இடைவெளி கிடைத்தால் போதும். இரண்டு மூன்று முறை மாட்டி இறக்க வேண்டி வரும், பொறுமை வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பிடிக்கும். கிரைண்டர் போட்டு வேகமாகத் தேய்த்துப் பொறி பறக்கவிடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ இன்னும் மூர்க்கமாகும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொண்டு, கை அரத்தால் நிதானமாக வேலை செய்யுங்கள். பெட்ரோல் நனைத்த துணி அருகில் இருக்கக் கூடாது. இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீலைச் சுற்றிச் சுத்தமான துணி அடைத்துவிட்டால் தூள் உள்ளே போகாது.

பழைய 1200 எஞ்சினையே வைத்துக்கொண்டு 12 வோல்ட்டுக்கு மாற்றுபவர்கள் எஞ்சின் உறையின் பக்கமும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். உரசல் அங்கேயும் வரலாம்.

செல்ஃப் மோட்டார் கிரீச்சிடுகிறது, சிக்கிக்கொள்கிறது

பற்கள் மோதும் சத்தம் வந்தால் முதலில் ஃப்ளைவீலும் செல்ஃப் மோட்டாரும் ஒரே ஜோடியா என்று பாருங்கள். 109 பல்லுக்கு 6 வோல்ட் காலத்து மோட்டார், 130 பல்லுக்கு 12 வோல்ட் மோட்டார். கலந்து போட்டால் இரண்டின் பற்களும் தேயும்.

ஜோடி சரியாக இருந்தும் சூடானபின் மோட்டார் இழுக்கத் திணறினால், அல்லது ஃப்ளைவீலைக் கவ்விக்கொண்டு விட மறுத்தால், புஷ்ஷைப் பாருங்கள். பீட்டிலில் செல்ஃப் மோட்டார் ஷாஃப்ட்டின் நுனி பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஒரு சிறு பித்தளை புஷ்ஷில் சுழல்கிறது. 6 வோல்ட் மோட்டாரின் ஷாஃப்ட் 12.5 மி.மீ., 12 வோல்ட் மோட்டாருடையது 10.9 மி.மீ. பழைய கியர்பாக்ஸின் புஷ்ஷில் புது மோட்டாரைப் போட்டால் நுனி ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஆடும். மோட்டார் புதிதென்று அதன் மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேட்டரி மாறும், கேபிள் மாறும், மோட்டாரே ஒருமுறை மாறும். காரணம் ஒரு விரல் நுனியளவு புஷ். உள்விட்டம் 10.9 உள்ள புஷ்ஷை மாற்றிப் போடுங்கள், அல்லது பழைய புஷ்ஷுக்குள் செருகும் அடாப்டர் புஷ் போடுங்கள். எஞ்சின் இறங்கியிருக்கும்போதே செய்தால் பத்து நிமிட வேலை.

பெடலை முழுவதும் மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரக்கிறது

ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். பெடலை மிதித்து ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் பிளேட் இன்னும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.

வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். பெடலின் மேல்தட்டில் சும்மா ஆடும் தூரம் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து லீவரில் கேபிள் நுனியில் இருக்கும் இறக்கை நட்டைத் திருகிக் குறையுங்கள். நட்டு கடைசி வரை வந்தும் பெடல் ஆட்டம் குறையவில்லை என்றால் கேபிள் நீண்டிருக்கும், அல்லது தவறான நீளக் கேபிள். வண்டியின் நடுத் தண்டுக்குள் ஓடும் கேபிள் குழாய் பற்றவைப்பு விட்டு நகர்வதும் பழைய பீட்டில்களில் நடப்பதுதான். ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் பின்னால் லீவரைப் பாருங்கள். பெடல் போகும் அளவுக்கு லீவர் நகரவில்லை என்றால் கோளாறு கேபிளில். லீவர் நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கியபின் இரண்டு விஷயம். கிளட்ச் பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம்: நடுக்குடத்தின் நீண்ட பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாறி மாட்டினால் குடம் ஃப்ளைவீல் நட்டில் முட்டும். இரண்டாவது, குழாய் இல்லாத பழைய கியர்பாக்ஸுக்கு வளையம் இல்லாத பிரஷர் பிளேட் போயிருக்கலாம். பேரிங் விரல்களைத் தொடுவதற்கே பெடலின் பாதித் தூரம் செலவாகிவிடும். அதோடு பழைய வகை பேரிங் ஃபோர்க்கோடு சேர்ந்து வில் போல வளைந்து நகர்வது. வளையம் இருந்தால் அதன் வழவழப்பான முகத்தில் உட்காரும். வெறும் விரல்களின் மேல் வழுக்கி வழுக்கி நுனிகளை அரித்து, பேரிங்கையும் கெடுத்துவிடும். கேபிளை இறுக்கி இதைச் சமாளித்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வாரங்களில் மறுபடி இறக்குகிறார்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. உறுதிசெய்ய, நான்காவது கியரில் ஒரு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் சத்தம் மட்டும் கூடினால் சந்தேகமே இல்லை.

எஞ்சின் மாற்றிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலே சொன்னதன் மறுதலை: குழாய் உள்ள புது வகை கியர்பாக்ஸுக்கு வளையத்தோடு பிரஷர் பிளேட். வளையத்தின் உயரம் பேரிங்குக்கு இருக்க வேண்டிய இடைவெளியைத் தின்றுவிடுகிறது. கேபிளை முழுவதும் தளர்த்தினாலும் பெடலில் ஆட்டம் வராது. பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் பிளேட் முழு விசையோடு கவ்வாது. கடையில் விற்கும் பல 200 மி.மீ. பிரஷர் பிளேட்டுகளில் வளையம் கம்பிக் கிளிப்புகளால்தான் பிடிக்கப்பட்டிருக்கும். கிளிப்பைக் கழற்றினால் வளையம் கையோடு வந்துவிடும். ஒரே பிளேட் இரண்டு கியர்பாக்ஸுக்கும் ஆகும்படி செய்த ஏற்பாடு அது. பெட்டியைத் திறந்ததும் அப்படியே மாட்டிவிடாதீர்கள்.

பெடல் ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால் ஆயில். கிளட்ச் பிளேட்டை மூக்கருகே கொண்டுபோனாலே கருகிய எண்ணெய் வாசம் வரும். ஃப்ளைவீல் சீலையும், ஃப்ளைவீல் உள்ளே அமரும் இடத்தையும் பாருங்கள். 1200 எஞ்சின் ஃப்ளைவீலும் கிராங்க்கும் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) சேரும் இடத்தில் மெல்லிய கேஸ்கெட் இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஃப்ளைவீலின் பள்ளத்துக்குள் ஓ-ரிங். பள்ளம் உள்ளதில் ஓ-ரிங்கை மறந்தால் எண்ணெய் நேராகக் கிளட்சுக்கு வரும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடாதீர்கள். அது போனதுதான்.

இவை எதுவும் இல்லை, 1600 எஞ்சினுக்கு 180 மி.மீ. கிளட்ச் இருக்கிறது என்றால் அளவே போதவில்லை. 180 மி.மீ. ஃப்ளைவீலில் 200 மி.மீ. பிரஷர் பிளேட் உட்காராது, போல்ட் துளைகளே வேறு. ஃப்ளைவீலோடு சேர்த்து மாற்ற வேண்டும். பஸ் வகை வேன்களில் 1972 முதல் வந்த பெரிய எஞ்சின்களில் இந்த அளவுகள் மேலும் ஏறுகின்றன: 1.7 லிட்டருக்கு 210, 1.8க்கு 215, 2 லிட்டருக்கு 228 மி.மீ.

நகரும்போது வண்டி நடுங்குகிறது

கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, கிளட்ச் கேபிளின் பின்பகுதியைப் போர்த்தியிருக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள். அது நேராக இழுபட்டு நிற்கக் கூடாது, 25 முதல் 45 மி.மீ. வரை கீழே தொய்ந்திருக்க வேண்டும். அந்தத் தொய்வுதான் கேபிளில் சிறிது உராய்வைக் கொடுத்து, எஞ்சினின் ஆட்டம் பெடலுக்கும் கிளட்சுக்கும் போகாமல் தடுக்கிறது. எஞ்சின் மாற்றும்போது யாரோ கழற்றிய வாஷர்கள் திரும்பப் போடப்படாமல் தொய்வு குறைந்திருக்கும். குழாயின் முனைக்கும் தாங்கிக்கும் இடையே வாஷர் சேர்த்தால் தொய்வு கூடும். நடுக்கம் அன்றே நிற்பதைப் பார்க்கலாம்.

தொய்வு சரியென்றால் கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். சிறிய எஞ்சினின் விசையைத் தாங்கிய கிழட்டு ரப்பர் பெரிய எஞ்சினில் கிழிந்துவிடும். அதுவும் நன்றாக இருந்தால்தான் எஞ்சினை இறக்கி ஆயில், வளைந்த பிளேட் என்று தேட வேண்டும்.

சத்தம்

பெடலை லேசாகத் தொட்டதும் தொடங்கும் சீறல் ரிலீஸ் பேரிங்குடையது. பெடல் முழுவதும் மிதிபட்டு, கியரில் நிற்கும்போது மட்டும் கீச்சென்றால் பைலட் பேரிங். அதற்கு மாட்டும்போதே கொஞ்சம் கிரீஸ் வைத்திருக்க வேண்டும். பெடலை விட்டு நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங், அது கிளட்ச் வேலையே இல்லை.

மூடுவதற்கு முன் இறுக்கங்கள்

ஃப்ளைவீலைப் பிடிக்கும் 36 நம்பர் நட்டுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதற்கு சுமார் 345 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 35 கிலோ தொங்கினால் வரும் விசை அது. ஃப்ளைவீலை நகராமல் பூட்டிவிட்டு, டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இப்படியே செய்யலாம். ஏர் கன்னால் அடித்துவிட்டுச் 'சரி' என்று விடாதீர்கள். இது தளர்ந்தால் ஃப்ளைவீலைக் கிராங்க்கோடு இணைக்கும் நான்கு டவல் பின்களும் கிராங்க்கின் துளைகளை அகட்டிவிடும், கிராங்க்கே வீணாகும். ஃப்ளைவீல் மாற்றினால் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள். 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் வரும்படி உள்ளே உள்ள மூன்று ஷிம்களின் (மெல்லிய வளையங்கள்) தடிமனை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, சுற்றுக்கு ஒரு திருப்பு என்று இறுக்கி, கடைசியில் 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். எஞ்சினின் நான்கு நட்டுகளுக்கு 30 போதும்.

புதுக் கிளட்ச் பிளேட் ஓட ஓடத் தன் இடத்தில் அமர்ந்து சற்றே மெலியும். அது மெலிய மெலியப் பெடலின் ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அதனால் முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஒருமுறை வண்டிக்கு அடியில் போய், இறக்கை நட்டைத் திருப்பிப் பெடல் ஆட்டத்தை மறுபடி 15 மி.மீ.க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.